வானத்தைத் தாங்கிய ஆட்காட்டி டீச்சர்

ஏழுமடுக் காட்டில் ஒரு நாவல் மரம் இருந்தது. அமாவாசைக்கு மறுநாள் காலையில் அந்த மரத்தடியில் முப்பத்திரண்டு பேர் கூடுவார்கள். அத்தனை பேரும் தலைமையாசிரியர்கள். மயில், உடும்பு, கீரி, முயல், முள்ளம்பன்றி, காட்டுக்கோழி, ஆட்காட்டிக் குருவி என்று ஒருவர் பாக்கியில்லாமல் வந்து உட்காருவார்கள்.

அந்தக் கூட்டத்தை நினைத்தால் ஆட்காட்டி டீச்சருக்கு இப்போதும் நாக்கில் துவர்ப்பு ஊறும். ஆடி மாதக் கூட்டம்தான் எல்லாருக்கும் பிடித்தது. பழம் தானாக உதிரும். பள்ளியில் விறைப்பாக நடக்கிறவர்கள் எல்லாம் நாக்கு ஊதாவாகி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ஆட்காட்டி டீச்சரும் காட்டுக்கோழி டீச்சரும் ஒரே வேரில் ஒட்டி உட்கார்ந்து, கொட்டையை யார் தூரமாகத் துப்புவது என்று பந்தயம் கட்டுவார்கள். கோழி டீச்சர்தான் எப்போதும் ஜெயிப்பார்.

காடு என்றதும் நாலு மரமும் ஒரு குளமும் என்று நினைத்துவிடக் கூடாது. ஏழுமடுக் காடு பெரிய காடு. ஒரு கிளைக்கு ஒன்பது குடித்தனம். காலையில் தண்ணீர்த் துறையில் கால் வைக்க இடமிருக்காது. அத்தனை குடித்தனத்துப் பிள்ளைகளுக்கும் காட்டுச் சபை நடத்தியவை அந்த முப்பத்திரண்டு பள்ளிக்கூடங்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் மலைக்கு மேலே தனியாகப் படித்தார்கள். அது வேறு கதை.

ஆட்காட்டி டீச்சரின் பள்ளி காட்டின் கோடியில், வறண்ட ஓடையின் கூழாங்கல் பரப்பில் இருந்தது. பாறையடிப் பள்ளி என்று பெயர். நிழலுக்கு ஒரே ஒரு வேல மரம். படித்தவர்கள் எல்லாரும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள். கௌதாரிக் குஞ்சுகள், சுண்டெலிகள், தாயில்லாத இரண்டு கீரிக்குட்டிகள். பாதிப் பேர் மத்தியானக் கஞ்சிக்காகத்தான் வந்தார்கள். வந்தவர்கள் தவளை வாத்தியாரின் பாட்டுக்காகச் சாயங்காலம் வரை இருந்தார்கள்.

ஆட்காட்டி வம்சத்துக்கு இரண்டு பழக்கம் உண்டு. கூட்டின் பக்கம் யாராவது வந்தால், கூடு இல்லாத இடத்தில் போய் நின்றுகொண்டு கத்தும். வந்தவன் கண் அங்கே போகும், முட்டை பிழைக்கும். இன்னொன்று, மல்லாந்து படுத்துக் கால் இரண்டையும் மேலே தூக்கிக்கொள்ளும். எதற்கு? வானம் இடிந்து விழுந்தால் தாங்குவதற்கு! மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆட்காட்டி சிரிக்காது. நான் தாங்காவிட்டால் வேறு யார் தாங்குவார்கள் என்பது அந்த வம்சத்துக்கு முட்டைக்குள்ளேயே ஊறிப்போன எண்ணம்.

இப்படிப்பட்டவர் தலைமையாசிரியை ஆனால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த முப்பத்திரண்டு பேரையும் பார்த்துக்கொள்ளச் சபை ஒருவரை வைத்திருந்தது. அவர் மடுவக்கா, எருமை. அவர் பாடம் நடத்துகிறவர் இல்லை, குற்றம் கண்டுபிடிக்கிறவரும் இல்லை. நாளைக்கு ஒரு பள்ளி என்று போவார். சமையல் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற சேற்றில் படுத்துக்கொள்வார். பள்ளி விட்டதும் தலைமையாசிரியர் வந்து அவர் முதுகில் ஏறி உட்காருவார். ஏற முடியாதவர் விலாவில் சாய்ந்துகொள்வார். பிறகு கொட்டித் தீர்ப்பார். கூரை ஒழுகுகிறது, வாத்தியார் சொல்லாமல் லீவு போடுகிறார், பெற்றோர் வாசலில் நின்று ஏசுகிறார்கள், சபையிலிருந்து வந்த ஓலை தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. இப்படி எத்தனையோ.

எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்று நாம் ஏசுகிறோமே, மடுவக்காவிடம் அதுதான் விசேஷம். எவ்வளவு கொட்டினாலும் தாங்குவார். கொட்டியதில் ஒரு சொட்டுகூட அடுத்த பள்ளிக்கு வழியாது. அசைபோட்டுக்கொண்டே கேட்பார். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இதை வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா, புள்ள?"

அவ்வளவுதான். அந்தக் கேள்வி மனசுக்குள் கிடந்து உறுத்தும். அமாவாசைக்கு மறுநாள் நாவலடிக்குப் போகும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும். சொன்ன பிறகுதான் முள்ளம்பன்றி சாரிடம் ஓலைக் கீற்று மிச்சம் இருப்பது தெரியும். லீவு போடுகிற வாத்தியாருக்கு வீட்டில் என்ன கஷ்டம் என்பது முயல் டீச்சருக்குத் தெரிந்திருக்கும். அப்படி எத்தனை கூரை மூடப்பட்டது, எத்தனை சண்டை தீர்ந்தது! அதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை.

அது மூங்கிலரிசிக் காலம். மூங்கில் நாற்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். அந்த முறை காடு முழுக்கப் பூத்தது. சபையின் களஞ்சியம் நிரம்பி, வாசலிலும் கொட்டிக் கிடந்தது. சபை தாராளமாகப் படியளந்தது. எல்லாப் பள்ளிக்கும் புதிய வாத்தியார்கள் வந்தார்கள். கஞ்சி, கரண்டி நிற்கிற பதத்தில் இருந்தது. பாறையடிக்குத் தவளை வாத்தியார் வந்ததும் அப்போதுதான். பூத்த மூங்கில் பட்டுப்போகும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

ஆறாம் வருஷம் களஞ்சியத்தில் தரை தெரிந்தது. அதே வருஷம் ஐப்பசி மழையும் ஏமாற்றிவிட்டது. சபை கூடியது.

களஞ்சியத்துக்கு அதிகாரி நரியார். கதைகளில் நரிக்குக் கிடைக்கிற கெட்ட பெயரை இவர் தலையில் கட்ட மாட்டேன். நாணயமானவர், கணக்கில் புலி. பிள்ளைகளின் கஞ்சியில் கை வைப்பதற்கு முன்னால் வேண்டாத செலவை வெட்டுவோம் என்று அவர் சொன்னார். நியாயமான பேச்சுதான். வேண்டாத செலவு எது என்று தேடிக்கொண்டே போனவர் மடுவக்காவிடம் வந்து நின்றார்.

"இவங்க என்ன வேலை செய்றாங்க? படுக்கிறாங்க, அசைபோடுறாங்க. மாசம் ஒருக்கா எல்லாரும் நாவலடியிலே கூடி உக்காந்து பேசுறாங்க. ஒரு எருமை தின்னுற தீனியிலே நாப்பது பிள்ளை பசியாறும்."

சபைத் தலைவர் யானையார், வரிசையாக உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர்களைப் பார்த்தார். மடுவக்கா உங்களுக்குக் கட்டாயம் வேண்டுமா என்று கேட்டார். கதை கேட்கிற நீங்களே சொல்லுங்கள். பிள்ளைகளின் கஞ்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, எனக்குச் சாய்ந்துகொள்ள ஒரு முதுகு வேண்டும் என்று எந்தத் தலைமையாசிரியர் வாய் திறந்து கேட்பார்? முதலில் எழுந்தது ஆட்காட்டி டீச்சர்தான்.

"எனக்கு வேண்டாங்க. நான் சமாளிச்சுக்குவேன்."

சொன்னபோது பெருமையாகத்தான் இருந்தது. மற்ற முப்பத்தொரு பேரும் எழுந்து அதையே சொன்னார்கள். மடுவக்கா வாலால் ஈயை விரட்டிக்கொண்டே எழுந்து, காட்டின் தெற்கே இருக்கிற ஏழாம் மடுவுக்கு நடந்துபோனார். நாவலடிக் கூட்டமும் அதோடு நின்றது.

எருமையின் தீனியை வெட்டியும் பள்ளம் மூடவில்லை. மார்கழியில் காகம் ஓலை கொண்டுவந்தது. எல்லாப் பள்ளிக்கும் படி ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஒவ்வொரு தலைமையாசிரியரும் ஒரு வாத்தியாரின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் வேலையை விட்டுப் போக வேண்டும். தைப் பௌர்ணமிக்குள் பெயர் கொடுக்காத பள்ளி மூடப்படும்.

பாறையடியில் இருந்தது மூன்றே வாத்தியார்கள். எழுத்துக்குக் கரிச்சான், கணக்குக்கு எறும்புதின்னி, பாட்டுக்குத் தவளை. எழுத்தையும் கணக்கையும் விட முடியாது. அப்படியென்றால் தவளைதான். காடே காய்ந்து கிடக்கிறபோது அவர் எங்கே போவார்? அவருக்கு இருந்த ஒரே ஈரம் பள்ளித் தண்ணீர்ப் பானையின் அடியில் இருந்த மண். டீச்சர் ஓலையை இறக்கைக்கு அடியில் செருகிக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

தன் பங்குக் கஞ்சியைப் பிள்ளைகளின் பானையிலேயே ஊற்றினார். அதுவும் போதாமல் தண்ணீர் கலந்தார். கஞ்சியில் முகம் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. பெற்றோர் வந்தால் சமையல் கொட்டகைப் பக்கம் விடாமல், வேல மரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார். நரியார் மேற்பார்வைக்கு வந்தார். பள்ளியில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். டீச்சர் அவரைப் பானைக்கு எதிர்த் திசையில் நாலு கஜம் நடத்திக்கொண்டு போனார்.

"ஒண்ணுமில்லீங்க சார். எல்லாம் நல்லா நடக்குது."

வம்சத்துப் பழக்கம் எங்கே போகும்? கூடு இல்லாத இடத்தில் கத்தியாயிற்று. நரியார் தம் ஓலையில் 'நலம்' என்று எழுதிக்கொண்டு போனார்.

மத்தியானங்களில் டீச்சர் கொட்டகைக்குப் பின்னால், மடுவக்கா படுத்துப் படுத்துப் பள்ளமான இடத்தில் படுத்துக்கொள்வார். சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. மல்லாந்து காலைத் தூக்கிக்கொண்டு, பழைய நாவலடியை நினைப்பார். ஊதா நாக்குகளை நினைப்பார். ஒருமுறை மயில் சார் பழத்தின் மேல் வழுக்கி, தோகையோடு உட்கார்ந்ததை நினைத்துத் தனியாகச் சிரிப்பார். சிரிப்பு அடங்கியதும் வயிறு காந்தும்.

ஒருநாள் மனசு கேட்காமல் மயில் சாரின் பள்ளிக்கே போனார். இவரைக் கண்டதும் மயில் சார் ஒரு மரத்தோடு மரமாக ஒட்டி நின்றுகொண்டு, கழுத்தை நிமிர்த்தினார்.

"எப்படி சார் போகுது?"

"ஜோரா போகுது டீச்சர். உங்க பள்ளியிலே?"

"எங்களுக்கென்ன சார், ஜோர்தான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இரண்டு பேருக்கும் அது பழைய சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் யாரும் மேலே கேட்கவில்லை.

திரும்புகிற வழியில், திடலுக்கு அந்தப் பக்கம் கோழி டீச்சரின் பள்ளிக் கொடி பறப்பது தெரிந்தது. கூப்பிடு தூரம்தான். போய்விட்டு வரலாமா என்று தோன்றியது. போய் என்ன சொல்வது? சபையில் முதல் ஆளாக எழுந்து சமாளிப்பேன் என்று சொன்ன வாய் ஆயிற்றே. கோழி டீச்சர் கெட்டிக்காரர், கொடி பறக்கிறது, எப்படியோ ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. போகவில்லை.

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது பாறையடியில் அடுப்பு மூட்ட ஒன்றுமில்லை. காலை வரிசையில் ஒரு கௌதாரிக் குஞ்சு நின்றபடியே கண்ணைச் செருகியது. டீச்சர் தொட்டதும் விழித்துக்கொண்டு கேட்டது.

"டீச்சர், இன்னிக்கும் கஞ்சி வாசனை வரலையே?"

டீச்சர் கொட்டகைக்குப் பின்னால் போய் மல்லாந்து படுத்தார். காலைத் தூக்கினார். மேலே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு மேகம் இல்லை. விழுகிற வானமாக இருந்தாலாவது தாங்கலாம், இது விழவும் இல்லை, பெய்யவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. பட்டினிக் கால் இரண்டும் விறைத்து மேலேயே நின்றுவிட்டன. இறக்கையை அடித்துப் பார்த்தார். புழுதிதான் பறந்தது.

தவளை வாத்தியார் தத்தித் தத்தி வந்து, முதுகைக் கொடுத்துப் புரட்டி நிமிர்த்தினார். புரண்டபோது இறக்கைக்கு அடியிலிருந்து ஓலை கீழே விழுந்தது. வாத்தியார் அதைக் குனிந்து பார்க்கவில்லை.

"நான் முன்னாடியே படிச்சிட்டேன் டீச்சர். நீங்க அசந்து தூங்கினப்ப வெளியே நீட்டிக்கிட்டு இருந்துச்சு. என் பேரை எழுதிடுங்க. நான் தவளைதானே, மண்ணுக்குள்ளே போய்ப் படுத்துக்குவேன். மழை வந்தா வெளியே வர்றேன்."

"வரலேன்னா?"

தவளை வாத்தியார் திரும்பிப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாட்டு ஆரம்பித்தார். மழைப் பாட்டு! அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு டீச்சரால் அங்கே நிற்க முடியவில்லை. தெற்கே பறந்தார்.

ஏழாம் மடுவில் தண்ணீர் இல்லை, சேறுதான் மிச்சம். மடுவக்கா அதில் படுத்திருந்தார். விலா எலும்பு தெரிந்தது. டீச்சர் பழையபடி அவர் முதுகில் போய் உட்கார்ந்தார். சபையில் வேண்டாம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் ஓலை, பானை, நரியார், தவளை வாத்தியார், கௌதாரிக் குஞ்சு எல்லாம் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. அழுதும் விட்டார். மடுவக்கா அசைபோட்டுக்கொண்டே கேட்டார். கடைசியில் அதே கேள்வி.

"இதை வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா, புள்ள?"

"யாருகிட்டக்கா சொல்றது? எல்லாரும் நல்லாத்தானே நடத்துறாங்க. நான் ஒருத்திதான் தோத்துட்டேன்."

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லும் வழக்கம் மடுவக்காவுக்கு இல்லை. தலையை மட்டும் கரைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

டீச்சரும் கரையைப் பார்த்தார். ஆட்காட்டி தரையில் வாழ்கிற பறவை. ஆயிரம் கல்லுக்கு நடுவில் தன் முட்டையைக் கண்டுபிடிக்கிற கண் அது. ஈரச் சேற்றில் உடும்பின் வால் இழுத்த கோடு இருந்தது. முள்ளம்பன்றியின் முள் ஒன்று குத்தி நின்றது. முயலின் கால், கீரியின் நகம். மயிலின் மூன்று விரல் மிக ஆழமாகப் பதிந்திருந்தது, வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றவரின் தடம். சில தடங்கள் காய்ந்திருந்தன, சில நேற்றையவை. எல்லாம் தனித்தனியாக வந்து தனித்தனியாகத் திரும்பியவை. டீச்சர் எண்ணினார். முப்பது பேர்.

"எல்லாருமாக்கா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

டீச்சர் இன்னொரு முறை எண்ணினார். தன்னோடு சேர்த்து முப்பத்தொன்று. கோழி டீச்சரின் தடம் மட்டும் இல்லை. அவராவது தப்பித்தாரே என்று சொன்னார். மடுவக்கா அசைபோடுவதை நிறுத்திவிட்டார்.

அன்று ஆட்காட்டி டீச்சர் தன் வம்சத்தில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தார். கூடு இருக்கிற இடத்தைக் காட்டிக் கத்தினார். காட்டுக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்து, பிள்ளைகள் கேட்க, பெற்றோர் கேட்க, சபைக்கும் கேட்கக் கத்தினார்.

"பாறையடியிலே அடுப்பு எரியலை! என்னாலே சமாளிக்க முடியலை! காலையிலே நாவலடிக்கு வாங்க!"

கத்தக் கத்த வெட்கம் குறைந்தது. தொண்டை கட்டிய பிறகும் கத்தினார்.

மறுநாள் காலையில் நாவலடி நிறைந்தது. மரத்தில் பழம் இல்லை, பாதி இலையும் இல்லை. மடுவக்கா மெல்ல நடந்து வந்து தன் இடத்தில் படுத்தார். பிறகு மயில் சார் எழுந்து, எல்லாருக்கும் முன்னால் திரும்பி நின்று முதுகைக் காட்டினார். தோகையில் பாதி இறகு இல்லை. இறகைப் பிடுங்கிக் கூடு கட்டுகிறவர்களுக்குக் கொடுத்து, அவர்களிடம் தானியம் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்திருக்கிறார் அந்த மனுஷன்! அன்றைக்கு மரத்தோடு ஏன் ஒட்டி நின்றார் என்பது டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது.

ஒருவர் திறந்ததும் எல்லாரும் திறந்தார்கள். முள்ளம்பன்றி சாரின் பள்ளிக்குப் பின்னால் தோண்டத் தோண்டக் கிழங்கு இருந்தது. வெளியே சொன்னால் படியைக் குறைத்துவிடுவார்கள் என்று பயந்து, அழுக விட்டிருந்தார். உடும்பு சாரின் பள்ளிப் பாறைப் பொந்தில் ஊற்று வற்றவில்லை. ஆனால் அங்கே பிள்ளைகளுக்குப் பாட்டு வாத்தியார் இல்லை. தவளை வாத்தியார் ஊற்றடியில் குடியிருந்துகொண்டு சுற்றியிருக்கிற நாலு பள்ளிக்கும் பாடட்டும் என்று முடிவாயிற்று. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் ஒரே பானையில் பொங்குவது என்றும் பேசினார்கள். இரண்டு பள்ளிகள் ஒரே கூரைக்குள் ஒண்டிக்கொள்ள ஒத்துக்கொண்டன. மத்தியானத்துக்குள் முப்பத்திரண்டு ஓலைக்குப் பதிலாக ஒரே ஓலை தயாராயிற்று. அதில் எந்த வாத்தியார் பெயரும் இல்லை.

கூட்டம் கூடியதைக் கேள்விப்பட்டு நரியார் மூச்சிரைக்க வந்தார். ஓலையைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு ஒரு வேரின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் வந்து கேட்டப்ப எல்லாரும் நல்லா நடக்குதுன்னு சொன்னீங்களே. என்கிட்ட இருக்கிற முப்பத்திரண்டு ஓலையிலும் நலம்னுதான் எழுதியிருக்கு. அஞ்சிலே ஒண்ணு குறைச்சதை எல்லாரும் தாங்கிக்கிட்டாங்கன்னு நெனச்சேன்."

"பொய் சொன்னது எங்க தப்பு சார்," என்றார் ஆட்காட்டி டீச்சர். "உண்மையைச் சொல்றதுக்கு இருந்த ஒரு முதுகை வெட்டினது உங்க தப்பு. அதுக்கு முதல்லே தலையாட்டினது என் தப்பு."

ஓலையை நரியாரே சபைக்குக் கொண்டுபோனார். ஈரப்பக்கத்துப் பள்ளிக்குக் கொஞ்சம் அதிகமாக வெட்டி, வறண்ட பக்கத்துக்கு விட்டுக்கொடுத்துச் சபை படியைப் பிரித்தது. மடுவக்காவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பஞ்சம் ஒரு நாளில் தீர்ந்துவிட்டது என்று நான் கதை விட மாட்டேன். வாத்தியார்கள் அரைப் படியில் ஓட்டினார்கள். கஞ்சி சித்திரை வரை தண்ணீராகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் இருந்தது.

அன்று கூட்டம் கலைந்த பிறகு ஆட்காட்டி டீச்சர் தன் வேரைத் திரும்பிப் பார்த்தார். அவர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. கோழி டீச்சர் வரவே இல்லை.

நேராக அவர் பள்ளிக்குப் பறந்து போனார். கொடி பறந்துகொண்டிருந்தது. கீழே யாரும் இல்லை. சிலேட்டுகள் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. பக்கத்துப் புதரில் இருந்த ஒரு ஓணான், பள்ளி மூடி ஒரு மாதம் ஆகிறது என்றது. கோழி டீச்சர் பிள்ளைகளை ஒவ்வொருவராக வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். யார் முகத்திலும் விழிக்க முடியாமல் காட்டை விட்டே போய்விட்டாராம். கொடியை மட்டும் இறக்க மனசு வரவில்லை போலிருக்கிறது.

கூப்பிடு தூரம்தான். ஒரு குரல் கூப்பிடவில்லை. ஆட்காட்டி டீச்சர் அங்கேயே உட்கார்ந்து நெஞ்சு விட்டுப் போகிற மாதிரி அழுதார்.

கோழி டீச்சரின் இருபத்தேழு பிள்ளைகளில் பதினெட்டுப் பேரைத் தேடிப்பிடித்துப் பாறையடியில் சேர்த்தார். ஒன்பது பேர் எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

கோடை மழை பெய்தது. அடுத்த ஆடியில் நாவல் காய்த்தது. மறுபடியும் முப்பத்தொரு நாக்கு ஊதாவாயிற்று. ஆட்காட்டி டீச்சர் பழைய வேரில், பாதி இடம் விட்டு உட்கார்ந்தார். ஒரு கொட்டையைத் துப்பினார். அது அவர் கண்ட தூரத்திலேயே மிக அதிக தூரம் போய் விழுந்தது. ஜெயித்துவிட்டோம் என்று சொல்லத் திரும்பினார். பக்கத்தில் யாரும் இல்லை.

டீச்சர் இப்போது மல்லாந்து படுப்பதில்லை. மாலையில் பள்ளி விட்டதும், கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒவ்வொரு பள்ளியின் வாசலிலும் போய் நிற்கிறார். கொடி பறக்கிறதா என்று பார்ப்பதில்லை. உள்ளே போய்ப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு என்ன கஷ்டம், யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புகிறார்.

பலரைத் தாங்குகிறவருக்கும் சாய்ந்துகொள்ள ஒரு முதுகு வேண்டும். பஞ்ச காலத்தில் முதலில் அதை வெட்டுகிறவர்கள், வானத்தைத் தாங்கும் கால்களை ஒவ்வொன்றாக முறிக்கிறார்கள்.